பொம்மைப் பெட்டியும் வீட்டுக்கு வருகிறவரும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு சிறிய அறக்கட்டளையில் இருக்கிறேன். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று பேசிவருகிறோம். ஜமைக்காவில் வீடு வீடாகப் போய் பொம்மை கொடுத்ததில், அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு அதிகம் சம்பாதித்தார்கள் என்று படித்தேன். மாதம் ஒரு பொம்மைப் பெட்டி கொடுக்கலாம் என்றேன். குழுவில் மூத்தவர் ஒருவர், “எங்கம்மாவுக்கு யாரு வந்து சொல்லிக்கொடுத்தாங்க? பிள்ளை வளர்க்கறதுக்கா ஆள் அனுப்பணும்?” என்று கேட்டுவிட்டார். ஜமைக்கா கதை உண்மைதானா?

க.

அன்புள்ள க.,

உண்மைதான். ஆனால் நீங்கள் படித்த இடத்தில் பொம்மையை முன்னால் நிறுத்தி, ஆளைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது.

சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தொடங்கிய ஆய்வு அது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள். சேரும்போது ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஆள் வருவார். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை. இரண்டு வருடம் இப்படி நடந்தது. பால்மாவாலும் முதலில் பலன் தெரிந்தது. ஆனால் சில வருடங்களில் அது அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஆள் வந்து போன வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் பலன் நின்றது. 22 வயதில் அவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்ற கணக்கு 2014இல் வந்தது. 129 பேர் சின்னக் கூட்டம்தான், அதனால் இந்த 25ஐ உங்கள் நோட்டீசில் அச்சடித்துவிடாதீர்கள்.

வந்தவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்லர், சுகாதார உதவியாளர்கள். கொண்டுவந்த பொம்மைகள் கடையில் வாங்கியவையும் அல்ல. காலி பிளாஸ்டிக் பாட்டில், மரத்துண்டு, அட்டையில் படம் ஒட்டிய புத்தகம். அந்த வாரத்துச் சாமானை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு வேறு கொடுப்பார்கள். அவர் குழந்தையோடு ஒரு தடவை விளையாடிக் காட்டுவார். அப்புறம் சாமான் அம்மா கைக்குப் போக வேண்டும். அம்மா பாட்டிலுக்குள் மூடிகளைப் போட்டு ஆட்டுகிறார், குழந்தை பிடுங்கப் பார்க்கிறது, “பாருங்க, எப்படிக் கவனிக்கிறா!” என்று வந்தவர் சொல்கிறார். அவர் வந்த வேலை இவ்வளவுதான். குழந்தை வந்தவர் மடியிலேயே விளையாடிக்கொண்டிருந்தால், மீதி ஆறு நாளும் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. நீங்கள் கொடுக்கப்போகும் பெட்டியும், கூட ஆள் வராவிட்டால், பத்து நாளில் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மூத்தவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவருடைய அம்மாவுக்கு மாமியாரோ அத்தையோ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவர்களை ஆள் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விழுப்புரத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஒற்றை அறையில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பெரியம்மா எங்கே? ஆனால் அவருடைய கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதை மதிக்க வேண்டும். “ஏம்மா குழந்தைய இப்படி வெச்சிருக்க?” என்று கேட்டுக்கொண்டு படியேறுகிறவருக்கு இரண்டாம் முறை கதவு திறக்காது. நோட்டை விரித்து, எடை என்ன, தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டு, கையெழுத்து வாங்கிப் பத்து நிமிடத்தில் கிளம்புவதும் வீட்டு வருகைதான், ஏட்டில். அங்கன்வாடி ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தலையில் இருக்கும் பதிவேடுகளோடு ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்காரவே முடியாது.

இதே பாடத்திட்டம் கொலம்பியாவுக்குப் போனது. 96 நகராட்சிகளில், உள்ளூர்ப் பெண்களே வீடுகளுக்குப் போனார்கள். முடிந்த கையோடு அளந்தபோது குழந்தைகளின் அறிவுத்திறனில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அது மங்கிவிட்டது. ஜமைக்காவில் நின்றது கொலம்பியாவில் ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உங்களுக்குப் பக்கமான உதாரணம் ஒடிசாவில் இருக்கும் கட்டாக். அந்த ஊர்க் குடிசைப் பகுதிகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இதைச் செய்து பார்த்தது, பலனும் கிடைத்தது. திருப்பூரில் ஒடியாக்காரர்கள் இருக்கும் லைன்களுக்குத் தமிழ் மட்டும் தெரிந்தவரை அனுப்பாதீர்கள். அந்த லைனிலேயே குடியிருக்கும் ஒரு ஒடியாப் பெண்ணைப் பிடியுங்கள், சம்பளம் கொடுத்து. தன்னார்வலர் என்று பெயர் வைத்துச் சும்மா வேலை வாங்கினால் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார், அதில் தப்பும் இல்லை.

செலவு என்று பார்த்தால், பெட்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் முக்கால்வாசி இந்தச் சம்பளத்துக்கும், அவர்களோடு கூடப்போய்ப் பார்க்கிற ஒரு மேற்பார்வையாளருக்கும் போகட்டும். ஒரே ஒரு லைனில் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை போதாது. வாரம் ஒருமுறை முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். நேரம்தான் உங்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கும். காலையில் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும். அம்மா ஷிஃப்டில் இருக்க, குழந்தை பக்கத்து வீட்டு ஆயாவிடம் இருக்கும். சரி, அந்த ஆயாவோடு உட்காருங்கள், பகலில் குழந்தையை வைத்திருப்பது அவர்தானே. அம்மா அப்பா இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடைக்குப் போய்வந்த பிறகு. உங்கள் மூத்தவருக்கு வசதிப்பட்டால் முதல் ஞாயிறு அவரையும் கூட்டிப்போங்கள்.