புகைபிடிப்பதையும் பள்ளியில் சக மாணவன் அடித்து மிரட்டுவதையும் காட்டிய கார்ட்டூன் குடும்பத் தொடர்களில் உங்கள் மனதில் நின்றது எது?

'கிங் ஆஃப் தி ஹில்' தான். ஆனால் ஒரு எபிசோடு மட்டும் சொன்னால் போதாது, இரண்டு சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் ஒரே அப்பா ஒரே தவறைத்தான் செய்கிறார்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்சஸ் மாநிலத்தில் ஆர்லென் என்ற கற்பனை ஊர். ஹாங்க் ஹில் புரோப்பேன் கேஸ் விற்கிறவர். மனைவி பெகி. மகன் பாபி, கொஞ்சம் குண்டு, விளையாட்டு சுத்தமாக வராது, மேடையில் ஏறி ஜோக் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவன் கனவு. மைக் ஜட்ஜும் கிரெக் டேனியல்ஸும் சேர்ந்து உருவாக்கி, 1997 ஜனவரியில் ஃபாக்ஸ் டிவியில் வர ஆரம்பித்தது.

புகைபிடிக்கும் எபிசோடு முதல் சீசனிலேயே வந்துவிட்டது, பெயர் 'கீப்பிங் அப் வித் அவர் ஜோன்ஸஸ்'. (ஜோன்ஸ் என்றால் அமெரிக்கப் பேச்சுவழக்கில் போதைக்கான அடக்க முடியாத ஏக்கம், அதை வைத்துத்தான் அந்தத் தலைப்பு.) பாபி சிகரெட் பிடிப்பது ஹாங்க் கண்ணில் பட்டுவிடுகிறது. இனி வாழ்நாளில் தொடக்கூடாது என்று ஒரு கார்ட்டன் முழுவதையும் அவனையே பிடித்துத் தீர்க்கச் சொல்கிறார். ஒரு கார்ட்டன் என்றால் பத்து பாக்கெட், 200 சிகரெட்! பழைய தலைமுறை அப்பாக்களின் வைத்தியம் அது, திகட்டத் திகட்டக் கொடுத்தால் வெறுத்துவிடும் என்ற கணக்கு. நிகோட்டின் அப்படி வேலை செய்கிற பொருள் இல்லை. சின்ன உடம்புக்கு ஒரே மூச்சில் அவ்வளவு ஏற்றினால் வாந்தி, தலைசுற்றல், அதற்கு மேலும் போகலாம், அது தண்டனையே இல்லை, விஷம் கொடுப்பது. எபிசோடில் பாபிக்குப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. இதற்கும் மேலே, எப்போதோ புகையை விட்டிருந்த ஹாங்கும் பெகியும் மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர். கடைசியில் பெகியின் சகோதரன் மகள் லூஆன் தலையிட வேண்டிய நிலை வருகிறது.

இது வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1997இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 36.4 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாளுக்குள் புகைபிடித்ததாக அரசு எடுத்த கணக்கெடுப்பில் சொன்னார்கள், அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல். அதற்குக் கார்ட்டூனும் ஒரு காரணம் என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. ஜோ கேமல் என்று ஒரு ஒட்டகப் பொம்மை, சிகரெட் விளம்பரத்துக்கென்றே வரைந்தது. ஆறு வயதுக் குழந்தைகளுக்கு மிக்கி மவுஸை எவ்வளவு தெரிகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு இந்த ஒட்டகத்தையும் தெரிகிறது என்று 1991இல் ஒரு ஆய்வு வந்தது. 1997 ஜூலையில்தான் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் அதைக் கைவிட்டது. இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இரவு நேரக் கார்ட்டூன் குடும்பத் தொடர் என்பதையே தொடங்கி வைத்த 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' 1960இல் வந்தபோது அதற்கு விளம்பரதாரர் அதே நிறுவனத்தின் வின்ஸ்டன் சிகரெட். ஃப்ரெட்டும் பார்னியும் விளம்பரத்தில் உட்கார்ந்து புகைவிடுவார்கள். அங்கிருந்து பாபி வரை வர முப்பத்தேழு வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டாவது, 2001இல் வந்த 'பாபி கோஸ் நட்ஸ்'. பாபி, சேன் என்ற பையனிடம் அடி வாங்குகிறான். ஹாங்க், போய் பாக்ஸிங் கற்றுக்கொள் என்கிறார். அந்த வகுப்பில் இடமில்லை, அதனால் பெண்களுக்கான தற்காப்பு வகுப்பில் சேர்கிறான். அப்புறம் யார் வம்புக்கு வந்தாலும் "அது என் கைப்பை! உன்னை எனக்குத் தெரியாது!" என்று கத்திக்கொண்டே ஆண்களுக்கு உயிர் போகும் இடத்தில் ஒரு உதை. பாபிக்குக் குரல் கொடுத்த பமேலா ஆட்லனுக்கு இந்த எபிசோடுக்காகவே 2002இல் எம்மி விருது கிடைத்தது, அந்தக் கத்தலைக் கேட்டால் ஏன் என்று புரியும். எல்லோரும் சிரிக்கிற இடம் அது, நானும் சிரித்தேன். ஆனால் அடிவாங்கிய பையன் கொஞ்ச நாளில் எல்லோரையும் உதைக்கிற பையனாக மாறுகிறான், கடைசியில் அப்பாவையே உதைக்கிறான். அம்மாவிடமும் அதையே முயல்கிறான், பெகி அசையாமல் நிற்கிறார். அந்த ஒரு நொடியில் பாபியின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு ஒட்டியது என்றும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த ஒருவன் தினமும் சைக்கிள் ஸ்டாண்டில் என் வண்டியில் காற்றைப் பிடுங்கிவிடுவான். வால்வு மூடியைக் கழற்றி, என் எதிரிலேயே உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டிவிட்டுத் தூர எறிவான். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வருவேன். அப்பாவிடம் சொன்னேன். "ரெண்டு வச்சுட்டு வர வேண்டியதுதானே, இதையெல்லாம் வந்து சொல்லிக்கிட்டு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஹாங்க் மாதிரியே, அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. நான் திருப்பி அடிக்கவில்லை. அதன் பிறகு ஏன் லேட் என்று வீட்டில் கேட்டால் பஞ்சர் என்று சொல்ல ஆரம்பித்தேன், வருடம் முழுக்க.

ஹாங்கின் தவறு என்று நான் சொன்னது இதைத்தான். பையன் ஏன் சிகரெட்டைக் கையில் எடுத்தான், அந்தச் சேன் அவனிடம் என்ன சொன்னான், எவ்வளவு நாளாக நடக்கிறது, இதையெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கு முன்பே தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். இத்தனைக்கும் பாபி மீது உயிரையே வைத்திருக்கிற மனிதர். அவருடைய அப்பா காட்டன் அவரை வளர்த்த விதத்தை மற்ற எபிசோடுகளில் பார்த்தால் ஹாங்க் மீது கோபமே வராது.

2025இல் தொடர் மறுபடி வந்தபோது பாபிக்கு 21 வயது. டாலஸில் ஜப்பானிய, ஜெர்மானியச் சமையலைக் கலந்து செய்யும் உணவகத்தில் தலைமைச் சமையல்காரன். உணவகத்தின் பெயர் ரொபாட்டா சேன். ஆமாம், அடித்த அதே சேன். அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் எனக்குச் சுருக்கென்றது, அப்புறம் பாபி அங்கே எவ்வளவு சந்தோஷமாகச் சமைக்கிறான் என்று பார்த்ததும் சரி என்று விட்டுவிட்டேன்.