அமிலமோ டெவலப்பரோ (கழுவி உருவம் எடுக்கும் திரவம்) இல்லாமல், வெறும் ஒளியை வைத்து பிளாஸ்டிக் படலத்தின் மேல் மேடு பள்ளம் போட முடியுமா?

முடியும். முதுகலை புராஜெக்டில் ஆறு மாதம் இதைத்தான் செய்தேன், அதில் முதல் மூன்று வாரம் ஒரு கோடுகூட விழவில்லை.

அமிலமோ டெவலப்பரோ இல்லாமல் என்று கேட்டிருப்பதால் சிப் தயாரிப்பில் வரும் போட்டோரெசிஸ்ட் என்ற ஒளி உணர் பூச்சை விட்டுவிடலாம். அதில் ஒளி பட்ட பிறகு கழுவித்தான் உருவத்தை எடுக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது அசோபென்சீன் பாலிமர். பாலியெஸ்டர் துணிக்குச் சிவப்பு ஏற்றும் டிஸ்பெர்ஸ் ரெட் 1 என்ற சாயம் இருக்கிறதே, அதைப் பாலிமர் சங்கிலியில் கோத்த பொருள். அந்த மூலக்கூறு நீட்டி நிற்கும்போது சுமார் 0.9 நானோமீட்டர், ஒளி பட்டதும் மடங்கி 0.55 ஆகிவிடும், அப்புறம் திரும்ப நீளும். இப்படி ஆயிரக்கணக்கான முறை மடங்கி நீள்கிற போக்கில் பாலிமரே மெல்ல இடம் பெயர்கிறது. எதுவும் கரைவதில்லை, செதுக்கப்படுவதில்லை, அதுவும் அறை வெப்பநிலையில், படலம் கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும்போதே! 1995-இல் கனடாவில் ரோஷோன், நாட்டன்சோன் குழுவும் அமெரிக்காவின் லோவெலில் திரிபாதி, குமார் குழுவும் தனித்தனியாக இதை வெளியிட்டன. தள்ளுகிற விசை எது என்பதில் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், அதற்குள் போகவில்லை.

சரி, என் கதை. ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் சிவப்புப் படலம், அதற்குச் செங்குத்தாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டின் மேலும் விழும்படி விரித்த 488 நானோமீட்டர் ஆர்கான் லேசர். நேராக வரும் ஒளியும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் படலத்தில் சந்தித்து வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் போடும், படலத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஒளியை 14 டிகிரி சாய்த்து வைத்தால் வரிகளுக்கு இடையே ஏறத்தாழ 1 மைக்ரான். வரிகள் விழத்தான் செய்தன, படலம் மட்டும் அசையவில்லை. லேசரைத் திட்டினேன், படலத்தை மாற்றினேன், பவரைக் கூட்டினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு போலரைசேஷனில், அதாவது ஒளியின் மின்புலம் ஆடும் திசையில்! பொருள் நகர்வது அந்தத் திசையில், என் லேசரின் மின்புலமோ வரிகளுக்கு இணையாக ஆடிக்கொண்டிருந்தது, பிறகு எப்படிக் குறுக்கே நகரும்?

போலரைசேஷனை மாற்றும் கால் அலைத் தகடு (quarter-wave plate) ஒன்றைச் செருகி ஒளியின் மின்புலத்தை வட்டமாகச் சுழலவிட்டேன். கண்ணாடியில் பட்டதும் சுழற்சி தானாகவே எதிர்த்திசைக்கு மாறிவிடும், அது இந்த அமைப்பில் இலவசமாகக் கிடைக்கிற வசதி. வேடிக்கை என்னவென்றால், இப்போது படலத்தின் மேல் வெளிச்சம் கிட்டத்தட்ட எங்கும் ஒரே அளவுதான், மின்புலத்தின் திசை மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனாலும் சில நிமிடங்களில், சோதனைக்காக விட்டிருந்த சிவப்பு ஹீலியம் நியான் லேசர் கதிர், படலத்தில் விழத் தொடங்கிய மேடு பள்ளத்தால் கிளை பிரிந்து, 39 டிகிரி தள்ளிச் சுவரில் ஒரு புள்ளி மங்கலாகத் தெரிந்து மெல்ல மெல்லப் பிரகாசமானது. விளக்கைப் போட்டு மாதிரியைச் சாய்த்தால் சிடியின் பின்பக்கம் போல வானவில்.

பாலிமர் கெட்டித்தன்மை இழந்து இளகும் வெப்பத்துக்கு (glass transition) மேல் படலத்தைச் சூடாக்கினால் மறுபடி சமதளமாகிவிடும், அதே இடத்தில் புதிதாக எழுதலாம். அதைச் சோதிக்கிறேன் என்று இருந்ததிலேயே நல்ல மாதிரியை ஹாட் பிளேட்டில் வைத்தேன், வானவில் கண்ணெதிரே போய்விட்டது. அதை ஏ.எஃப்.எம்மில் (அணு விசை நுண்ணோக்கியில்) ஆழம் அளந்து வைக்கவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.