பத்து மீற்றருக்கு எவ்வளவு வேகம் போதும்?

கல்முனையிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியர் கேட்கிறார்: "எங்களிடம் இருப்பது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை எயார் ரைபிள், 4.5 மில்லிமீற்றர். பாரம் குறைந்த கலப்புலோக பெல்லட் (எயார் ரைபிள் குண்டு) போட்டுப் பார்த்தோம். வேகம் கூடியது, ஆனால் அடி தாளெல்லாம் சிதறுகிறது. பழைய ஈய பெல்லட்டில் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட அடிகளின் கூட்டம்) நெருக்கமாக விழுகிறது, ஆனால் கீழே அடிக்கிறது. வேகமும் குறியும் ஒன்றாகக் கிடைக்க என்ன வழி?"

ஈய பெல்லட்டுக்கே திரும்புங்கள். 10 மீற்றரில் வேகத்தால் வரும் லாபம் ஒன்றுமில்லை. போட்டிக்கென்றே செய்யப்படும் விலைகூடிய ரைபிள்கள்கூட 0.53 கிராம் பெல்லட்டை செக்கனுக்கு 170, 175 மீற்றர் வேகத்தில்தான் தள்ளுகின்றன. 170இல் போகும் பெல்லட் இலக்கை அடைவதற்குள் சுமார் 17 மில்லிமீற்றர் இறங்கும். 240இல் போனால் எட்டரை. நீங்கள் "கீழே அடிக்கிறது" என்பது இந்த வித்தியாசம்தான். பின்குறியைச் சில கிளிக் உயர்த்தினால் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறை சுடும்போதும் வேகம் ஒன்றுபோல இருக்கிறதா என்பதையே. இலக்குத்தாளின் 10 வளையம் அரை மில்லிமீற்றர் புள்ளி. பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து என்பதால், அதன் நடு எந்தப் பக்கமும் 2.5 மில்லிமீற்றர் வரை விலகலாம். மொத்தம் 5 மில்லிமீற்றர் இடம். 170ஐ ஒட்டிய வேகத்தில் வெடிக்கு வெடி 3 மீற்றர் மாறினால் மேலும் கீழுமாக 0.6 மில்லிமீற்றர்தான் போகும். 10 மீற்றர் மாறினாலோ 2 மில்லிமீற்றர் போய்விடும், பிள்ளையின் கை நடுங்கும் முன்பே. குரோனோகிராப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இரவல் கிடைத்தால் பத்து வெடி அளந்து, கூடியதிலிருந்து குறைந்ததைக் கழியுங்கள். நல்ல நிலையிலுள்ள ஸ்பிரிங் ரைபிளில் அது 4 மீற்றரைத் தாண்டக்கூடாது. சராசரி வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கலப்புலோகம் சிதறுவதற்குக் காரணம் உண்டு. அது கடினம், ஈய பெல்லட்டின் பாவாடை (குழிந்த பின்பகுதி) போல விரிந்து குழலின் வரிகளைப் பிடிக்காது. வலுவான ஸ்பிரிங்கில் அதன் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும் (நம் பக்கத்து 30 பாகை வெயிலில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர்). அங்கே பெல்லட் தள்ளாடும். இன்னொரு கேடும் இருக்கிறது. பாரமில்லாத பெல்லட் சட்டென்று வெளியேறிவிடுவதால், ஸ்பிரிங் முன்தள்ளும் பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை உருவாகாமல் பிஸ்டன் முன்சுவரில் மோதும். "டொங்" என்ற அதிர்வு அதுதான். கட்டையைப் பிடிக்கும் திருகாணிகள் தளர்வதும் அதனால்தான். மறுபுறம், 0.65 கிராமுக்கு மேலானதைப் போட்டால் பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். 0.48 முதல் 0.55 கிராம் வரை, தட்டைத் தலை ஈயம்: இதற்குள் தேடுங்கள்.

ரின்னில் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்றிலும் ஒவ்வொன்று வாங்குங்கள். பெல்லட் தானாக உள்ளே விழவும் கூடாது, பெருவிரலை நோகடிக்கவும் கூடாது. வகை மாற்றியதும் முதல் 15 வெடியைக் கணக்கில் எடுக்காமல், பிறகு ஐந்து வெடி குரூப் நான்கு போடுங்கள். மூன்று வெடி குரூப் எதையும் சொல்லாது, நெருக்கமாக விழுந்தால் ஆசை காட்டும், அவ்வளவுதான். வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு அளந்து 4.5ஐக் கழித்தால் நடுவுக்கு நடு தூரம் வரும்.

ரைபிளை வைஸில் (மேசையில் பூட்டும் இறுக்கி) இறுக்கிச் சோதிக்க வேண்டாம். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் உதைக்கும். இறுக்கினால் குரூப் விரியும். மென்மையான பையில் கையை வைத்து, விரித்த உள்ளங்கையில் முன்கட்டையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருத்துங்கள். மண்டபம் பக்கம் திறந்ததென்றால் கச்சான் எழும்பு முன் காலையிலேயே சோதனையை முடித்துவிடுங்கள்.

பெல்லட்டைத் தராசில் நிறுத்துப் பிரிப்பது 10 மீற்றருக்கு வீண்வேலை. பாவாடை நசுங்கியதைப் பொறுக்கி எறிந்தால் போதும்.

பெல்லட் மாற்றியும் வேகம் அலைந்தால் குழல் மடங்கும் இடத்திலுள்ள சீல் வளையத்தை (காற்றை அடைப்பது) பாருங்கள். அந்தப் பொருத்தின் மேல் மெல்லிய ரிஷூத் துண்டொன்றை வைத்து, பெல்லட் போட்டு இலக்கை நோக்கிச் சுடுங்கள். வெற்றாக ஒருபோதும் சுட வேண்டாம், பிஸ்டன் சீல் உடையும். ரிஷூ துள்ளினால் காற்று கசிகிறது, சீல் வளையத்தை மாற்றுங்கள். கடற்கரை உப்புக்காற்றுக்குப் பயந்து தையல் மெஷின் எண்ணெயைக் காற்றுத் துளைக்குள் விடுவதும் வழக்கமான பிழை. அழுத்தத்தில் அந்த எண்ணெய் எரிந்து, புகையும் கருகல் வாசமும் வரும், வேகம் தாறுமாறாகும், ஸ்பிரிங்கும் சீலும் பழுதாகும். எண்ணெய்த் துணியால் வெளி இரும்பை மட்டும் துடையுங்கள். குழலைத் துப்புரவாக்கினால் மறுபடி 15 வெடி கழித்துத்தான் குரூப் பழைய நிலைக்கு வரும், போட்டிக்கு முதல்நாள் அதைத் தொடாதீர்கள். பயிற்சி முடிந்து பிள்ளைகள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். விரலில் ஒட்டுவது ஈயம்.