போயிருக்க வேண்டும்: யூகமா, ஆதங்கமா?

கேள்வி: ஐயா, துருக்கித் தொடர்கள் பார்த்துப் பார்த்து அந்த மொழியையே படிக்க ஆரம்பித்துவிட்டேன். 'பக்கத்து வீட்டு அண்ணன் ஊருக்குப் போயிருக்க வேண்டும்' என்பதற்கு 'கித்மெலிய்தி' என்று எழுதினேன். பாடம் சொல்லித்தரும் துருக்கிப் பெண் தப்பு என்கிறார். 'வேண்டும்' என்றால் 'மெலி' தானே?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 'மெலி' சரிதான் அம்மா, சேர்த்த இடம்தான் மாறிவிட்டது. புதுச்சேரியில் என்னிடம் படிக்க வருகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். காரணம் நம் தமிழ்தான்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வாசலில் வண்டி இல்லை. காலையில் போட்ட பால் பாக்கெட் திண்ணையிலேயே இருக்கிறது. 'ஊருக்குப் போயிருக்க வேண்டும்' என்கிறோம். இது யூகம். 'தங்கச்சி கல்யாணத்துக்காவது அவர் போயிருக்க வேண்டும்' என்றால், போகவில்லையே என்ற ஆதங்கம். சொல் ஒன்றேதான்; எது எது என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.

துருக்கி மொழியில் இரண்டுக்கும் வினை வடிவமே வேறு. 'கித்மெலிய்தி' பெரும்பாலும் ஆதங்கம்: போயிருக்க வேண்டியவர், போகவில்லை. நீங்கள் எழுதியதைப் படிக்கிற துருக்கிக்காரர், அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார் என்றுதான் நினைப்பார். யூகத்துக்கு 'கித்மிஷ் ஒல்மலி'. 'கித்மிஷ்' என்பது போய், 'ஒல்' என்பது இரு, 'மலி' என்பது வேண்டும். அதே 'மெலி'தான், முன்னால் வரும் உயிரொலிக்கு ஏற்ப 'மலி' ஆகிறது. போய், இருக்க, வேண்டும்: வரிசைகூட மாறவில்லை! எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த இடம் இது.

இது பிடிபட்டால் மற்றவை சுலபம். 'கித்மிஷ் ஒலபிலிர்' போயிருக்கலாம். 'கித்மிஷ் ஒலமஸ்' போயிருக்க முடியாது. வண்டி வாசலில் நின்றால் இதைச் சொல்லுங்கள். வெறும் 'கித்மிஷ்' என்றால் 'போயிட்டார் போலிருக்கு': அடையாளம் பார்த்தோ யாரோ சொல்லக் கேட்டோ சொல்வது. கண்ணால் பார்த்திருந்தால் 'கித்தி'.

'கித்மிஷ்திர்' என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பேச்சில் அது 'இந்நேரம் போயிருப்பார்'. தடயம் எதுவும் தேவையில்லை, அவர் வழக்கம் தெரிந்தால் போதும். ஆனால் பாடப்புத்தகத்தில் அதே 'மிஷ்திர்' விகுதி உறுதியான செய்தி. துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் 1881-ல் செலானிக்கில் (இன்றைய கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி) 'தோமுஷ்துர்' என்று எழுதுவார்கள்; உயிரொலிக்கு ஏற்ப 'மிஷ்திர்' இங்கே 'முஷ்துர்' ஆகிறது. 'பிறந்திருப்பார்' என்று படித்துவிடாதீர்கள், பிறந்தார், அவ்வளவுதான்.

அப்புறம், நீ, நீங்கள் என்பதற்கான விகுதி 'ஒல்மலி'யோடுதான் சேரும், 'மிஷ்'ஷோடு அல்ல. வெளியே போய்விட்டு வீடு திரும்புகிறவரிடம் 'யோருல்முஷ் ஒல்மலிசின்' என்பார்கள், களைத்துப் போயிருப்பாய் என்று. தொடர்களில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

உங்கள் வாக்கியம் இப்படி வர வேண்டும்: 'கொம்ஷுமுஸ் கொயே கித்மிஷ் ஒல்மலி'. 'கொம்ஷுமுஸ்' என்பது நம் பக்கத்து வீட்டுக்காரர், 'கொயே' என்பது ஊருக்கு. அண்ணன் திரும்பி வந்ததும் 'யோருல்முஷ் ஒல்மலிசினிஸ்' என்று கேளுங்கள். மூத்தவர் என்பதால் 'சின்' போதாது, 'சினிஸ்' போட வேண்டும்.