உங்கள் ஆட்சேபம் எழுத்தில் இருக்கிறதா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் தெருவுக்கு அருகே அபாயகரமான கழிவுகளை எரிக்கும் ஆலை அமைக்க ஒரு நிறுவனம் காற்று உமிழ்வு உரிமம் கேட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் இன்னோர் ஆலையைப் பற்றியும் புகார்கள் உண்டு. என் பேரனுக்கு ஆஸ்துமா. பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினேன். நிறுவனத்தின் ஆலோசகர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கோயில் மண்டபத்தில் கையெழுத்துத் திரட்டி மனு கொடுத்தோம். கவுன்சிலர் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் காலத்திலும் எங்களைத்தானே ஆலைகளின் பக்கம் தள்ளினார்கள்? கருத்துச் சொல்லும் கெடு இரண்டு வாரத்தில் முடிகிறது. உரிமம் கொடுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்க முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி ஆலோசகர் நடந்துகொண்ட விதத்தையும் கவுன்சிலரின் வாக்குறுதியையும் பற்றியது. இரண்டும் உங்களுக்கு உதவாது. இந்த உரிமத்தைக் கொடுக்கவோ மறுக்கவோ கவுன்சிலருக்குத் தனியாக அதிகாரம் கிடையாது. ஆலோசகரின் மரியாதைக் குறைவால் விண்ணப்பம் செல்லாமற் போகாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கெடுவுக்குள், உங்கள் சொந்தப் பெயரில், உமிழ்வைக் குறித்த ஆட்சேபம் எழுத்து வடிவில் கோப்பில் இருக்கிறதா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை.

2004-ஆம் ஆண்டின் காற்றுத் தரச் சட்டம், 38-ஆம் பிரிவில், விண்ணப்பதாரர் அப்பகுதியில் வெளிவரும் இரண்டு செய்தித்தாள்களிலாவது அறிவிப்பு வெளியிட்டு, எழுத்து மூலமான கருத்துகளையும் ஆட்சேபங்களையும் அனுப்ப நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்கிறது. கூட்டத்தில் நீங்கள் பேசியது, யாரோ ஒருவர் எழுதும் நடவடிக்கைக் குறிப்பில் எத்தனை வரி இடம்பெறுகிறதோ அத்தனை வரியாகவே மிஞ்சும்.

மனுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பலர் விழுவது இந்தக் குழியில்தான். முதல் தாளில் மட்டும் கோரிக்கை இருக்கும். பின்னால் வரும் தாள்களில் வெறும் பெயர்களும் கைபேசி எண்களும் இருக்கும், முகவரி இருக்காது. எதற்குச் சம்மதித்து அந்தப் பெயர்கள் எழுதப்பட்டன என்பதை அந்தத் தாள்களைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. கருத்துகளும் பதில்களும் அடங்கிய அறிக்கையில் முழு மனுவும் ஒரே வரியாகச் சுருங்கி, எதிரே உள்ள கட்டத்தில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று முடிந்துவிடும். ஐந்து குடும்பங்கள் தனித்தனியே, தத்தம் முகவரியோடு, குறிப்பான கேள்விகளை எழுப்பி அனுப்பும் கடிதங்களை அப்படி ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிதல்ல.

நீதிமன்றம் உண்டே என்று நினைக்கிறீர்கள். ‘பாஜா’ எனப்படும் நிர்வாக நீதிச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் செய்வது சீராய்வு. ஆலை நல்லதா கெட்டதா என்று அது புதிதாகத் தீர்மானிக்காது. அதிகாரி கவனிக்க வேண்டியதைக் கவனிக்கத் தவறினாரா என்று பார்க்கும். அவர் முன் வைக்கப்படாத ஒன்றை அவர் கவனிக்கவில்லை என்று பிற்பாடு வாதிடுவது பெரும்பாலும் தோற்கும் வாதம். அதோடு, நிர்வாகத்துக்குள்ளேயே முறையிடும் உள்நிலை மேல்முறையீடு இருந்தால் அதை முடித்துவிட்டு வரும்படி நீதிமன்றம் திருப்பி அனுப்பும். அது முடிந்த பிறகும் நியாயமற்ற தாமதமின்றி, எப்படியும் 180 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 180 நாள் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது என்று எண்ணி ஐந்தாவது மாதத்தில் வழக்கறிஞரைத் தேடுவோர் பலர்.

இதைவிடக் கொடிய பொறி வேறொன்று. இப்படிப்பட்ட ஆலைக்கு ஒரே உரிமம் போதாது. அபாயகரமான கழிவுக்கான உரிமம் தேசிய அமைச்சரின் அதிகாரத்தில் வருவது; அதற்கு எதிரான மேல்முறையீட்டுக்கு முடிவு அறிவிக்கப்பட்டதிலிருந்து 20 நாள். காற்று உமிழ்வு உரிமத்தை மாநகராட்சி அதிகாரி கொடுத்தால், உள்ளாட்சி நிர்வாகத்துக்கான முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் 21 நாள், அதுவும் மாநகராட்சி மேலாளரிடம். ஒன்றுக்கு முறையிட்டால் மற்றதற்கும் சேர்த்துத்தான் என்று நம்பி ஒரு கெடுவைத் தவறவிடுகிறார்கள். மேலும், கேப் டவுன் மாநகராட்சி சம்பந்தப்பட்ட ஒரு கட்டட வரைபட வழக்கில், அந்த விண்ணப்பத்தில் தரப்பினராக இல்லாத அக்கம்பக்கத்தார் 62-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. இப்போதே பெயரைப் பதிவு செய்து ஆட்சேபம் எழுதாதவரின் வாசலை மூட அந்தத் தீர்ப்பைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக்காட்டும்.

ஆகவே இந்த இரண்டு வாரத்தை எழுதுவதற்குச் செலவிடுங்கள். கழிவு எரிப்பு ஆலைகளுக்கு 2013-இன் குறைந்தபட்ச உமிழ்வுத் தரங்களில் எட்டாம் வகை பொருந்தும்: ஒரு கன மீட்டர் வாயுவில் தூசி 10 மில்லிகிராம், பாதரசம் 0.05 மில்லிகிராம், எரிக்கும்போது உருவாகும் நச்சுப்பொருளான டையாக்சின் 0.1 நானோகிராம். தூசியைத் தொடர்ச்சியாக அளக்கலாம். டையாக்சினைச் சில மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அறிகிறார்கள், அந்த மணிகளில் ஆலை ஒழுங்காக எரியும்படி பார்த்துக்கொள்வது கடினமல்ல. அதனால் இப்படிக் கேளுங்கள்: ஆலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மின்வெட்டின்போதும், சுத்திகரிப்புக் கருவியைத் தாண்டி அவசரப் புகைபோக்கி வழியே எவ்வளவு வெளியேறும்? புகை எங்கே எவ்வளவு பரவும் என்று போடும் காற்றுப் பரவல் கணக்கில் அந்த நேரங்கள் சேர்க்கப்பட்டனவா? நுண்துகளுக்கு (PM2.5) ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட 20 மைக்ரோகிராமில், இப்பகுதிக் காற்று ஏற்கனவே எவ்வளவைச் சுமக்கிறது? பேரனின் ஆஸ்துமாவுக்கு மருத்துவரின் கடிதத்தை இணையுங்கள்.

உங்கள் மற்ற மனக்குறைகளில் இரண்டுக்கு மட்டும் சட்டத்தில் இடமுண்டு. மற்ற ஆலையைப் பற்றிய புகார்களைக் காற்றுத் தரச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் கீழ், உரிமம் பெறத் தகுதியுள்ளவரா என்ற கேள்வியாக, சான்றுகளோடு எழுதுங்கள். குரூப் ஏரியாஸ் பற்றிய வலி எனக்கும் உண்டு, டர்பனின் மெரிபேங்க்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையில் வளர்ந்த பிள்ளைகளின் இருமலை நானும் அறிவேன். ஆனால் அதைத் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 2(4)(c) கோட்பாடாக, அதாவது மாசின் பாதிப்பு நலிந்தோர் மீது அநியாயமாகச் சுமத்தப்படக் கூடாது என்பதாக, ஒரு பத்தியில் நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆலோசகரை ‘பொய்யர்’ என்றோ ‘லஞ்சம் வாங்கியவர்’ என்றோ எழுதியிருந்தால் மேலும் எழுதாதீர்கள். வாயை அடைப்பதற்காகத் தொடுக்கும் வழக்குகளை எதிர்க்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2022-இல் மினரல் சாண்ட்ஸ் என்ற சுரங்க நிறுவனத்தின் வழக்கில் வழி திறந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெறவும் வழக்கறிஞர் வைத்துப் போராட வேண்டும். அதேபோல, பயோவாட்ச் என்ற அமைப்பின் வழக்கில் 2009-இல் வந்த தீர்ப்பு எதிர்த்தரப்பின் செலவிலிருந்து உங்களைக் காக்கக்கூடும், உங்கள் சொந்த வழக்கறிஞரின் கட்டணத்தை அது கொடுக்காது.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: தரங்களுக்குள் வரும் விண்ணப்பத்தை முழுதாக நிராகரிக்க வைப்பது அரிது. நிபந்தனைகளுக்காகப் பேசுங்கள். தொடர் அளவீட்டின் முடிவுகளை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைப்பது, முன்னறிவிப்பின்றி டையாக்சின் சோதனை நடத்துவது, அவசரப் புகைபோக்கி திறக்கும் ஒவ்வொரு தடவையையும் பதிவேட்டில் எழுதுவது, குடியிருப்பாளர்கள் அமரும் கண்காணிப்புக் குழு அமைப்பது, இவற்றைக் கேளுங்கள். எல்லாம் உரிமத்தின் உள்ளேயே அச்சாக வேண்டும். உரிம நிபந்தனையை மீறுவது குற்றம். முதல் தண்டனையிலேயே 50 லட்சம் ராண்டு வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம். நிறுவனத்தோடு தனியே போடும் ஒப்பந்தத்துக்கு அந்தப் பலம் இல்லை, அதை மீறினால் நீங்கள்தான் செலவழித்து வழக்காட வேண்டும். மண்டபத்துக்கு நிதி தருகிறோம், ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள் என்று யாராவது தாளை நீட்டினால், நீங்கள் கேட்ட நிபந்தனைகள் உரிமத்தில் அச்சாகி வந்ததைக் கண்ணால் பார்க்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.