நியமன உறுப்பினர்தானே? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். அன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். எடுத்து முடித்துப் பார்த்தால் எல்லாமே 'முதல் பெண்', 'முதல் பெண்' என்றே இருக்கிறது. அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

அப்பாவைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர் அந்தக் குறிப்பை வாங்கிப் படித்தார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "டாக்டர் என்று சொல்லு, சரி. சட்டசபையில் அப்படி என்ன செய்துவிட்டார்? ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை, அரசாங்கம் நியமித்தது. இருந்தது நான்கு வருஷம்கூட முழுசாக இல்லை. தேவதாசி முறையைத் தடுக்கும் மசோதாவும் அவர் இருக்கும்போது நிறைவேறவில்லை, நடுவிலேயே ராஜினாமா செய்துவிட்டார்" என்றார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவின் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. ஒருவரை உண்மையாகவே மதிக்கிறோம் என்றால் இப்படிப்பட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். அவர் வருவாய்த் துறைக்காரர் என்பது இன்னும் நல்லது. ஏனென்றால் என் பதில் ஒரு நிலத்தில்தான் இருக்கிறது, சேவைக்கு மானியமாக விடப்பட்ட இனாம் நிலத்தில்.

முதலில் நியமனம். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே ஓட்டுரிமை வந்துவிட்டது, ஆனால் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆண்களிலேயே பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது, சொந்தப் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் சட்டசபை உறுப்பினராகலாம் என்ற நிலை 1926-இல்தான் வந்தது. அந்த வருஷம் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாயா தேர்தலில் நின்று தோற்றார். அப்புறம் இந்திய மாதர் சங்கம் வலியுறுத்தியதால் நியமன உறுப்பினராக உள்ளே போனவர் முத்துலட்சுமி. அந்தச் சபைக்குள் நுழைய அன்று ஒரு பெண்ணுக்கு இருந்த வழி அது. உள்ளே போன கொஞ்ச நாளிலேயே, 1927-இல், சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. நியமித்தது அரசாங்கம்தான், துணைத் தலைவராக்கியது சக உறுப்பினர்கள். இதையும் அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள்.

இனி நிலத்துக்கு வருகிறேன். நான் முத்துலட்சுமியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சொல்வது இதைத்தான், நம் மேடைகளில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் என்றாலே காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு நடந்த சண்டை என்று ஆரம்பித்து, கைதட்டலோடு முடித்துவிடுகிறார்கள். தேவதாசி முறையை ஒழிப்பதைச் சத்தியமூர்த்தி எதிர்த்தார் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு காட்சியிலேயே நின்றுவிட்டால் முத்துலட்சுமி செய்த வேலை கண்ணில் படாமல் போய்விடும்.

கோயில் சேவைக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. சேவை தொடரும்வரை நிலம் அந்தக் குடும்பத்தின் அனுபவத்தில் இருக்கும். சேவை நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மகளுக்கு எட்டோ ஒன்பதோ வயது. மகளுக்குப் பொட்டுக் கட்டி, அதாவது சாமிக்கு நேர்ந்து தேவதாசியாக்கினால்தான், அடுத்த போகமும் நெல் வீடு வந்து சேரும். அந்த அம்மாவிடம் போய் "இது அநியாயம், பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்காதே" என்றால் அவள் என்ன செய்வாள்? அநியாயம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கலாம். அவள் பயம் சோற்றைப் பற்றியது.

முத்துலட்சுமி அந்த இடத்தில் கை வைத்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார், சபை அதை ஏற்றது. அதோடு விடாமல், இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து 1929-இல் நிறைவேற்றினார். நிலத்தையும் சேவையையும் சேர்த்துக் கட்டியிருந்த கட்டை அந்தத் திருத்தம் அவிழ்த்தது. தீர்வையை, அதாவது நில வரியைக் கட்டிவிட்டு நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், அதற்காகக் கோயிலில் சேவை செய்தாக வேண்டிய கட்டாயமில்லை. மகளுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் போய்விடுமே என்ற பயத்தை இப்படி அடியிலேயே வெட்டினார். தடைச் சட்டம் வருவதற்கு 18 வருஷம் முன்பே நடந்தது இது.

இனாம் ஒழிப்பு, பட்டா மாற்றம் என்று காலம் முழுக்க அதே காகிதங்களோடு வாழ்ந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இது புரியவே பல வருஷம் ஆனது. பழைய சட்டசபை நடவடிக்கைத் தொகுப்பு ஒன்றை நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். தொட்டால் ஓரம் உதிரும் தாள். பாசனக் கால்வாய், சாலைச் செலவு, அதிகாரிகள் மாற்றம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் இந்தத் திருத்தம் இருந்த பக்கத்தில் நின்றேன். ஒரு பெண்ணின் விதியை மாற்றுகிற சட்டத்தின் மொழி இவ்வளவு வறண்டதாகவா இருக்கும் என்று தோன்றியது. நிலம், தீர்வை, மானியம், விடுவிப்பு, அவ்வளவுதான். அன்று மாலை வரைக்கும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர் தடையை எதிர்த்தார்கள். சென்னையில் சங்கமாகத் திரண்டு அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். நாங்கள் கலையைக் காப்பவர்கள், எங்கள் எல்லோரையும் ஒரே பெயரில் இழிவுபடுத்தாதீர்கள் என்பது அவர்களின் வாதம். அதில் இருந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் விவரம் தெரியாத வயதில் பொட்டுக் கட்டப்படும் ஒரு சிறுமிக்கு அந்தச் சபையில் வேறு யார் பேசுவது என்று பார்க்கும்போது, முத்துலட்சுமியின் பக்கம்தான் நான் நிற்பேன். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். வெளியே நின்று பரிதாபப்பட்டுப் பேசியவர் அல்ல அவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியதும், மன்னர் தலையிட்ட பிறகே இடம் கிடைத்ததும் உங்கள் குறிப்பில் ஏற்கெனவே இருக்கும்.

ராஜினாமா பற்றி. 1930-இல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை விட்டார். அரசாங்கம் நியமித்த ஒருவர் அதே அரசாங்கத்தைக் கண்டித்து வெளியேறுகிறார். "நியமனம்தானே" என்று கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. அதில் அவருக்கு இழப்பும் இருந்தது. தடை மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அந்த முடிவை எடுத்த இரவு அவர் தூங்கியிருப்பாரா என்று நான் பல முறை நினைத்திருக்கிறேன்.

மசோதா கடைசியில் 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது சட்டமானது. (மாகாண முதல்வரை அப்போது பிரதமர் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் குழம்பிக்கொள்வார்கள், ஒரு வரி விளக்கிவிடுங்கள்.) 1927 தீர்மானத்திலிருந்து எண்ணினால் 20 வருஷம். அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. சபையை விட்டு வந்த காலத்தில்தான், தேவதாசிக் குடும்பத்திலிருந்து தப்பித்து வந்த பெண்களை விடுதிகள் சேர்க்க மறுக்க, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பகுதி, அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளிடம் பேசப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். பள்ளி மாணவர்களுக்கு முறையாக மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று சபையில் வலியுறுத்தியவர் அவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வரிசையில் நிற்கவைத்து நாக்கை நீட்டச் சொல்வார்கள், கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார்கள். என் பக்கத்தில் நின்ற பையனின் கண் உள்பக்கம் வெளுத்திருந்தது. நர்சம்மா அவன் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார், அவனுக்கு மாத்திரை வந்தது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. இப்போது நினைத்தால், யாரோ எங்கோ ஒரு அவையில் எழுந்து நின்று கேட்டதால்தானே இந்தச் சீட்டு எழுதப்பட்டது என்று தோன்றுகிறது.

பத்து நிமிடத்துக்கு இவ்வளவும் அடங்காது. நானாக இருந்தால் 'முதல் பெண்' எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு நேராக அந்த அம்மா, மகள், நிலம் கதைக்குப் போய்விடுவேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரியும். அப்பாவின் நண்பரையும் அன்றைக்குப் பள்ளிக்கு அழைத்துப் பாருங்கள். இனாம் நிலம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் நம் இரண்டு பேரையும்விட அவர்தான் நன்றாகச் சொல்வார். என்ன நடந்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.