வேலி போட்ட செல்: எக்செல் கேள்வி பதில்

மதுரை சிம்மக்கல் பக்கம் கணக்கு எழுதுகிறவர்களுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்தே இருபது வருடம் ஓடிவிட்டது. செல்லில், அதாவது எக்செல் கட்டத்தில், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கேளுங்கள் என்றேன், கேள்வி குவிந்துவிட்டது. பதிலுக்கு முன் ஒரு வார்த்தை. செல்லில் தெரிவது வேறு, செல்லுக்குள் இருப்பது வேறு. எதையும் தொடும் முன் அந்தச் செல்லைக் கிளிக் செய்து, மேலே பார்முலா பாரை, அதாவது செல்லுக்குள் இருப்பதைக் காட்டும் நீளப் பட்டையைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் வெறும் தோற்றக் கோளாறு. அங்கேயும் தப்பென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மாட்டுத்தாவணி, பூக் கமிஷன் கடை: மொத்தத் தொகை வர வேண்டிய இடத்தில் ##### என்று வேலி போட்டது மாதிரி நிற்கிறது சார். முகூர்த்த நாளில்தான் இப்படி ஆகிறது.

முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறுகிறது, தொகையில் இலக்கம் கூடுகிறது, செல்லின் அகலம் போதவில்லை. அவ்வளவுதான். பெயராக இருந்தால் இடம் போதாதபோது பக்கத்துச் செல்லில் வழியும், அல்லது பாதியில் வெட்டுப்படும். எண்ணை அப்படி வெட்ட முடியாது. 1,25,000 என்பது 1,25 என்று தெரிந்தால் உங்கள் கடை என்னாவது? அதனால்தான் முழுதாக மறைக்கிறது. நெடுவரிசைத் தலைப்பின் வலது ஓரக் கோட்டில் டபுள் கிளிக் செய்யுங்கள், அகலம் தானாகச் சரியாகும். எவ்வளவு அகலப்படுத்தியும் வேலி போகவில்லையா? தேதியிலிருந்து தேதியைக் கழித்து விடை மைனஸில் வந்திருக்கும். எக்செலுக்கு மைனஸ் தேதி கிடையாது. பார்மட்டை, அதாவது செல் எண்ணைக் காட்டும் முறையை, ஜெனரல் என்ற சாதா முறைக்கு மாற்றுங்கள்.

உசிலம்பட்டி, மகளிர் குழு செயலாளர்: ஆதார் எண் அடித்தால் நடுவில் புள்ளியும் கடைசியில் கூட்டல் 11-ம் வருகிறது. வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடுகிறது. ஏன் அண்ணே?

அக்கா, இவை இரண்டு நோய், ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். ஆதார் 12 இலக்கம். ஜெனரல் பார்மட்டில் 12 இலக்கமும் அதற்கு மேலும் போனால் எக்செல் அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். உள்ளே எண் பத்திரமாக இருக்கிறது. பார்மட்டில் நம்பர் என்று கொடுத்து, தசமத்தைப் பூஜ்யமாக்கினால் முழுதாக வந்துவிடும்.

கணக்கு எண் சங்கதி அப்படியல்ல. ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் எக்செலின் நினைவில் நிற்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் 16ஆவது இலக்கம் பூஜ்யம். அது தோற்றம் இல்லை, இழப்பு. பார்மட் மாற்றினாலும் திரும்பாது. பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான். அடிக்கும் முன் அந்த நெடுவரிசையின் பார்மட்டை டெக்ஸ்ட், அதாவது வெறும் எழுத்து, ஆக்குங்கள், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போடுங்கள். கூட்டிக் கழிக்காத எந்த எண்ணும் எண்ணே இல்லை. அது பெயர் மாதிரி.

மேலூர்: 0452 என்று அடித்தால் 452 மட்டும் நிற்கிறது.

மேலே படியுங்கள். அதே டெக்ஸ்ட்.

கூடல்நகர், வரி வசூல் பட்டியல் தயாரிப்பவர்: கதவு எண் 3/4 என்று அடித்தால் ஏப்ரல் 3 என்று வருகிறது.

எனக்குப் பிடித்த கேள்வி. சாய்கோட்டைப் பார்த்ததும் தேதி என்று முடிவு கட்டிவிடும். பிறகு நீங்கள் டெக்ஸ்ட் பார்மட் கொடுத்தால் ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். தேதியை எக்செல் 1900 ஜனவரி 1 முதல் எண்ணிவரும் நாள் கணக்காகத்தான் வைத்திருக்கிறது. 14-04-2024 அதற்கு 45396. ஆக, முதலில் டெக்ஸ்ட், அப்புறம்தான் கதவு எண்.

இதில் நாம் தனியாக மாட்டவில்லை. மார்ச், செப்ட் என்று தொடங்கும் பெயருள்ள மனித மரபணுக்களை எக்செல் தேதியாக்கி, ஆராய்ச்சிப் பட்டியல்களையே குழப்பியது. 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்ததைத் தேதியாக்குவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல்தான் கொடுத்தது. உங்கள் 3/4-க்கு அது உதவாது, டெக்ஸ்ட்தான்.

திருமங்கலம்: விடைக்குப் பதில் பார்முலாவே தெரிகிறது.

அந்தச் செல் ஏற்கெனவே டெக்ஸ்ட். ஜெனரலாக்கி, எஃப்2, என்டர். எல்லாச் செல்லிலும் அப்படியென்றால், கன்ட்ரோலோடு எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையைத் தெரியாமல் தட்டியிருக்கிறீர்கள். மறுபடி தட்டுங்கள்.

கீழமாசி வீதி, மளிகை மொத்த வியாபாரம்: ##### வருகிறது.

அகலம்.

சோழவந்தான், பள்ளி ஆசிரியை: மாணவர் பெயர்ப் பட்டியல் தமிழில் வந்தது, திறந்தால் ஏதேதோ குறிகள்.

எந்த மாதிரிக் குறி என்று பாருங்கள் டீச்சர். தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வட்டத்துக்குள் எழுத்துகளுமாக இருந்தால், அது சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் கோப்பு வழியாக உள்ளே கொண்டுவந்து, 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு. வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் யாரோ சாதா சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டார்கள், எழுத்து போனது போனதுதான். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஆங்கில எழுத்துகளாக இருந்தால், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. பாமினியில் ‘மதுரை’ என்பது உள்ளே கே, ஜே, ஐ, யு என்ற நாலு ஆங்கில எழுத்து. அந்த எழுத்துருவைக் கணினியில் போட்டால் தெரியும். இந்தக் காலத்திலும் பாமினியில் பட்டியல் அனுப்புகிறவர்களை என்ன சொல்வது?

கீழவாசல், டிடிபி கடை: என்ன சொல்வதாம்? முப்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் உங்கள் யூனிகோட் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும்.

பத்திரிகை அடியுங்கள் அண்ணே, யார் தடுத்தது? அச்சுக்குப் போவது படம், பட்டியல் அப்படியில்லை. பாமினியில் இருக்கும் பெயரைத் தமிழில் அடித்துத் தேட முடியுமா? தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றாகிவிட்டது.

மறுபடி கீழவாசல்: யூனிகோடில் மட்டும் அகரவரிசை ஒழுங்கா? ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ நிற்கிறதே.

நிற்கிறதுதான், ஒப்புக்கொள்கிறேன். குறியீட்டு அட்டவணையை அப்படி அமைத்துவிட்டார்கள், எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் பாமினியில் அகரவரிசை என்ற பேச்சே இல்லை. ‘மதுரை’ ‘கே’யில் போய் உட்காரும். டீச்சர், பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் முன் நகல்.

விளக்குத்தூண், ஜவுளிக்கடை: பில்லில் 10-ம் 10-ம் சேர்ந்து 21 என்று காட்டுகிறது.

உள்ளே 10.4-ம் 10.4-ம் இருக்கிறது. கூட்டினால் 20.8, தசமத்தை மறைத்தால் 21. மறைப்பது வேறு, முழுமையாக்குவது வேறு. ரவுண்ட் பார்முலா போடுங்கள். பார்முலா பாரைப் பார்த்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அலங்காநல்லூர்: செல்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்கினேன், வரியின் உயரம் தானாகக் கூடவில்லை, பாதி எழுத்து மறைகிறது.

மெர்ஜ் செய்யாதீர்கள். வகுப்பிலும் சொல்கிறேன், வீட்டிலும் சொல்கிறேன். அலைன்மென்ட்டில் ‘சென்டர் அக்ராஸ் செலக்ஷன்’ இருக்கிறது, தலைப்புக்கு அது போதும்.

பெயர் போடாதவர்: ஜிஎஸ்டி எத்தனை சதவீதம் போடுவது?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

கீழவாசல் அண்ணன், கடைசியாக: தன் கேள்வியைப் பாமினியிலேயே அனுப்பியிருக்கிறார். போனில் முழுக்க ஆங்கில எழுத்து. பழகிய கண் என்பதால் படித்துவிட்டேன்: தொகை வரும் இடத்தில் வேலி போட்டிருக்கிறதாம்.

அகலப்படுத்துங்கள் அண்ணே.